பரமேசுவின் சிலேட்டில் எழுதிய சொல்

இன்று காலை மாணிக்கம் வெளுத்த துணி மூட்டையை எங்கள் விறாந்தையில் கொண்டுவந்து இறக்கினாள். முடிச்சை அவிழ்த்ததும் வெள்ளாவி மணமும் வெயில் மணமும் சேர்ந்து எழுந்தன. ஒவ்வொன்றாக எடுத்து எண்ணி வைத்துக்கொண்டு போனவளின் கை நடுவில் நின்றது. வெள்ளைச் சேலை ஒன்று, கரையில் மெல்லிய பச்சைக்கோடு. உன்னுடையது. போன கிழமை உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து உங்கள் வீட்டுத் துணியெல்லாம் வெளுக்கப் போயிருக்கிறது. அந்தக் குவியலிலிருந்து இது எங்கள் மூட்டைக்குள் வந்துவிட்டது.

“உது மாறி வந்திட்டுது, நாச்சியார்” என்று மாணிக்கம் மெல்லச் சொன்னாள். உன் அண்ணன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னேன். அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் மற்றத் துணிகளை உள்ளே எடுத்து வைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். துணி மாறுவது எங்கள் ஊரில் ஒரு பெரிய காரியமா? ஒருத்தியின் சட்டை இன்னொருத்தி வீட்டுக்குப் போகும், இரண்டு நாளில் திரும்பிவரும். ஆனால் உனக்கும் எனக்கும் இடையில் இருந்ததெல்லாம் ஒரு பாவாடையில்தான் தொடங்கியது. அதை உன்னிடம் சொல்ல எனக்கு இருபது வருடம் பிடித்தது. சொன்ன பிறகும் ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் குறிச்சியில் பட்டம் இல்லாத ஆள் யார்? கந்தையா என்று மட்டும் ஐந்து பேர். சுருட்டுக் கந்தையா, நெட்டைக் கந்தையா, கிணத்துக் கந்தையா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு முன்னொட்டு. கிணற்றில் விழுந்தவர் அவருடைய பாட்டனார். பேரன் இன்றுவரை கிணத்துக் கந்தையாதான். ஊர் விதானையார் வந்து கந்தையா எங்கே என்று கேட்டால், எந்தக் கந்தையா என்று திருப்பிக் கேட்பார்களே தவிரக் கையைக் காட்டமாட்டார்கள். பட்டம் எல்லாமே கெடுதல் என்று நான் சொல்ல வரவில்லை. கிணத்துக் கந்தையா அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே மூன்று பெண்களைக் கரைசேர்த்தார். ஆனால் சில பட்டங்களுக்குள் ஒருவருடைய மானம் கிடக்கிறது. கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அதை வெளியே இழுத்துப் போடுகிறார்கள். கூப்பிடுகிறவர்களுக்கு அது தெரிவதுகூட இல்லை.

பள்ளிக்கூடத்தில் உன் பெயரில் நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். மூன்று பேருக்குப் பட்டம் வந்துவிட்டது. உனக்கு மட்டும் வரவில்லை. உன்னைப் பற்றிச் சொல்ல ஊருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன். குத்தகைக் காணியில் புகையிலை நட்ட ஒரு மனிதரின் மகள், பேசாமல் வந்து பேசாமல் போகிற பிள்ளை. உன் பக்கத்தில் எப்போதும் பரமேசு இருப்பாள். இரண்டு பேரும் ஒரே வாங்குப் பலகையில் இருப்பீர்கள், ஒரே தேங்காய்ச் சொட்டைக் கடித்துப் பங்கு போடுவீர்கள். நான் அதே வாங்கின் அந்தத் தொங்கலில், கடைசி ஆளாக இருந்தேன். உன் தோழி அவள்தான், நான் அல்ல. இதை நான் மறந்துவிட்டதுபோலப் பல வருடம் நடந்துகொண்டேன்.

நமக்குப் பத்து வயதான வருடம் பரிசளிப்பு விழாவில் தேவாரம் பாட உன்னைத் தெரிந்தெடுத்தார்கள். அதற்கு முந்திய இரண்டு வருடமும் பாடியவள் நான். என் குரல் கெட்டுப்போகவில்லை, உன் குரல் நன்றாக இருந்தது, அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் கிடந்தேன். பாடுகிற பிள்ளை வெள்ளைப் பாவாடை சட்டையோடு வரவேண்டும் என்று தலைமை வாத்தியார் சொல்லியிருந்தார். உன்னிடம் இருந்ததோ பூப்போட்ட சீத்தைப் பாவாடை இரண்டு. உன் அம்மா என்ன செய்திருப்பா என்று இப்போது எனக்குத் தெரியும். மாணிக்கத்திடம் போய், ஒரு நாளைக்கு மட்டும், ஒருவருக்கும் தெரியாமல், வெளுக்க வந்ததில் ஒன்று தா என்று கேட்டிருப்பா. எத்தனையோ வீட்டில் நல்லநாள் பெருநாளுக்கு நடக்கிற காரியம்தான். கேட்கிறவரும் கொடுக்கிறவரும் வாயைத் திறப்பதில்லை.

நீ மேடைக்கு ஏறினாய். நான் முன்வரிசையில் இருந்தேன். நீ கைகூப்பி நின்றபோது பாவாடையின் கீழ்மடிப்பு என் கண்ணுக்கு நேரே இருந்தது. அதில் ஒரு சாண் நீளத்துக்கு நீல நூல் தையல். எங்கள் படலைக் கம்பியில் நான் கிழித்துக்கொண்டு வந்தபோது, வெள்ளை நூல் இல்லை என்று என் அம்மா நீல நூலால் தைத்தது. நீ பாடினாய். சனம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டது. நான் அந்த நீல நூலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த நாள் இடைவேளைக்கு எல்லாரும் வெளியே ஓடினார்கள். நான் வாங்கிலேயே நின்றேன். யாரோடும் கதைக்கப் பயம், மனதுக்குள் வைத்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. பரமேசுவின் சிலேட்டு பக்கத்தில் கிடந்தது. அதில் பெரிய எழுத்தில் ‘இரவல்’ என்று எழுதி, உன் இடத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே போனேன். என்னுடைய சிலேட்டும் அங்கேதான் இருந்தது. அதில் எழுதாமல் அவளுடையதில் எழுதினேன் என்பதையும் உனக்குச் சொல்லவேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு கள்ளம் இருந்தது.

மணி அடித்து நீ உள்ளே வந்தாய். மற்றப் பிள்ளைகள் உனக்கு முதல் வாசித்துவிட்டார்கள். முந்தியநாள் உன் வெள்ளைப் பாவாடையைப் பார்த்து அதிசயப்பட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நீ சிலேட்டைப் பார்த்தாய், அதன் மரச்சட்டத்தில் பரமேசு கீறிவைத்திருந்த பூவைப் பார்த்தாய், பிறகு அவளைப் பார்த்தாய். அவள் வாயைத் திறந்தபடி நின்றாள். தலைமை வாத்தியார் அவளை முற்றத்து வெயிலில் முழங்காலில் நிறுத்தினார். தான் எழுதவில்லை என்று அவள் அழுதாள். யார் எழுதியது என்று கேட்டபோது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் மனக்கணக்குச் செய்துகொண்டிருந்தேன்.

அன்று பின்னேரம் போகும் வழியில் நீ அவளைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னாய். “கொடுக்கு.” தேளின் கொடுக்கு. நீ உன் வாயால் வாழ்நாளில் வைத்த பட்டம் அது ஒன்றுதான். அதுவும் ஒட்டிக்கொண்டது. ஒரு கிழமைக்குள் ஊரில் ஓர் ‘இரவல்’ இருந்தாள், ஒரு ‘கொடுக்கு’ இருந்தாள். வாங்கில் உனக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. நான் தொங்கலிலிருந்து நகர்ந்து வந்து அதில் உட்கார்ந்தேன்.

நீ என்னை எவ்வளவு நம்பினாய். கோயில், கிணற்றடி, சந்தை, எங்கே போனாலும் இரண்டு பேரும்தான். உன்மேல் எனக்கு வந்த அன்பு பொய்யில்லை என்று சத்தியம் செய்வேன். ஆனால் அது திருட்டு நிலத்தில் கட்டிய வீடு. ஒருநாள் கிணற்றடியில் நீ, அந்தப் பாவாடை யாருடையது என்று இன்றுவரைக்கும் தெரியாது, அம்மாவும் சொல்லவில்லை, மாணிக்கமும் சொல்லவில்லை, யாரென்று தெரிந்தால் போய் மன்னிப்புக் கேட்பேன் என்றாய். நான் வாளியைக் கிணற்றுக்குள் விட்டேன். நீ மன்னிப்புக் கேட்க ஆள் தேடிக்கொண்டிருந்தாய், அந்த ஆள் உனக்குத் தண்ணீர் அள்ளித் தந்துகொண்டிருந்தாள்.

போகப்போக அந்தச் சொல்லை நீயே எடுத்துக்கொண்டாய். படலையில் நின்று கூப்பிடுவாய். ஆர் அது என்று உள்ளே இருந்து என் அம்மா கேட்பா. “நான்தான் மாமி, இரவல்” என்பாய், சிரித்துக்கொண்டு. அம்மாவும் சிரிப்பா. அந்தப் படலைச் சத்தம் கேட்டால் நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். உனக்கு வலிக்காமல் போய்விட்டது என்று ஊர் நினைத்தது. நீ ஒருவரிடமும் ஓர் ஊசிகூட வாங்கிப் பாவிப்பதில்லை என்பதை நான் மட்டும் கவனித்திருந்தேன். நான் ஒரு குடையைத் தந்தால் மழையில் நனைந்துகொண்டு போவாய்.

பிறகு உன் கலியாணப் பேச்சு வந்தது. உடுப்பிட்டி மாப்பிள்ளை, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர், நல்ல மனிதர் என்று எல்லாரும் சொன்னார்கள். பரமேசு அதற்கு இரண்டு வருடம் முதலே அதே ஊரில் வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று உன் தலையை நான்தான் பின்னினேன். உன் கழுத்தில் புது அட்டியல். உன் அம்மாவின் பழைய தோடு, காப்பு எல்லாவற்றையும் உருக்கிச் செய்தது. பெண் பார்க்க வரும் நாளில் பக்கத்து வீட்டுச் சங்கிலியை வாங்கிப் போடுகிற வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறதே, அதனால் வருகிற பெண்டுகள் கழுத்தைக் கொஞ்சம் கூர்ந்துதான் பார்ப்பார்கள். அதைப் பெரிதாக எடுக்க ஒன்றுமில்லை. ஆனால் மாப்பிள்ளையின் தாயார் உன் அருகே வந்து அட்டியலை விரலால் தூக்கிப் பார்த்தா. கூடம் நிறைய ஆட்கள்.

“உது உங்கடைதானோ, பிள்ளை?”

“ஓம். எங்கடைதான்.”

அவ விரலை எடுக்கவில்லை. ஊரில் வேறு விதமாகச் சொல்கிறார்களே என்றா. நீ இரண்டு கையாலும் அட்டியலைக் கழற்றி அவவின் உள்ளங்கையில் வைத்தாய். “தட்டானிட்டைக் காட்டிப்போட்டுச் சொல்லுங்கோ” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாய். அறைக்குள் வந்தபிறகுதான் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். கழுத்தில் அட்டியல் இருந்த இடம் சிவந்திருந்தது. அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது. நகையைத் திருப்பி அனுப்பினார்கள், அது சுத்தமான தங்கம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். உன் ஐயா பதில் அனுப்பவில்லை.

அன்று இரவல் என்ற சொல்லை அவர்கள் எங்கே கேட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். சந்திக் கடையில் வழி கேட்டிருக்கிறார்கள். உன் ஐயாவின் பெயரில் மூன்று பேர் இருந்ததால் கடைக்காரர், இரவல் பிள்ளையின்ரை தேப்பன் வீடோ என்று கேட்டு, வழி காட்டியிருக்கிறார். என் தம்பி அந்தக் கடையில் நின்றவன், வந்து சொன்னான். நீயோ, உடுப்பிட்டி என்றதும் பரமேசுதான் சொல்லியிருப்பாள் என்று முடிவு கட்டினாய். “கொடுக்கு அங்கேயும் வந்து குத்திப்போட்டுது” என்றாய். அன்றாவது நான் சொல்லியிருக்கலாம். சந்திக் கடைக்காரரைப் பற்றியாவது சொல்லியிருக்கலாம். நூலின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மறு முனையும் வந்துவிடும் என்று பயந்து, அவளா அப்படிச் செய்வாள் என்று மட்டும் முணுமுணுத்தேன். நீ எனக்கு நல்ல மனது என்றாய்.

அதன்பிறகு உனக்கு வேறு பேச்சு வரவில்லை. எனக்குக் கலியாணமாகி இரண்டு பிள்ளைகளும் பிறந்தார்கள். நீ அண்ணன் வீட்டில் ஒரு தையல் இயந்திரத்தோடு இருந்தாய். மெசின் சொந்தமோ என்று பகிடி விட்டவர்களும் உண்டு. பரிசளிப்பு விழா வருகிறபோது பள்ளிக்கூடத்துக்கு நான்கைந்து வெள்ளைப் பாவாடை தைத்துக்கொண்டுபோய்க் கொடுப்பாய். விழா முடிந்து பிள்ளைகள் திருப்பிக் கொண்டுவந்தால் வாங்கமாட்டாய். வைச்சிரு, உது உன்ரைதான் என்பாய். ஒரு தடவை என் மூத்தவளிடமும் அப்படிச் சொன்னாய்.

போன பங்குனியில் உனக்கு நெருப்புக்காய்ச்சல் கண்டது. மூன்றாம் கிழமை வைத்தியம் பார்த்த பரியாரியார் உதட்டைப் பிதுக்கினார். யாரும் கிட்டப் போகவேண்டாம் என்றார்கள். நான் போனேன். கரிசனையில்தான் போனேன், ஆனால் அது மட்டும் இல்லை. நீ போய்விட்டால் யாரிடம் சொல்வேன் என்ற பயமும் இருந்தது. பார், அப்போதும் என் பாடுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

சொன்னேன். பாவாடை என்னுடையது, நீல நூல் என் அம்மா தைத்தது, சிலேட்டில் எழுதியது நான், சந்திக் கடைக்காரர் சொன்னது எனக்கு அப்போதே தெரியும், எல்லாம். நீ கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாய். கேட்டாயோ என்றுகூடத் தெரியவில்லை. வெளியே உன் அண்ணி உரலில் எதையோ இடித்துக்கொண்டிருந்தா. கண்ணைத் திறக்காமலே கேட்டாய்.

“அப்ப பரமேசு?”

“அவளுக்கு ஒண்டும் தெரியாது. ஆர் எழுதினது எண்டுகூடத் தெரியாது.”

உன் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. இருபது வருடம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை என்றாய். அவளுடைய தாயின் செத்தவீட்டுக்கும் போகவில்லை என்றாய். பிறகு, மூச்சை இழுத்து இழுத்து, “அந்தப் பேரை நான் வைச்சனான். நான்தான் எடுக்கவேணும். பரமேசுவைக் கூட்டிக்கொண்டு வா” என்றாய். அவள் பெயரை நீ சொன்னதை நான் அந்தச் சிலேட்டு நாளுக்குப் பிறகு அன்றுதான் கேட்டேன்.

என்னைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை. ஏசவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாய்.

சண்டை நடக்கிற காலம், எண்ணெய்த் தட்டுப்பாடு, பஸ் எப்போது வரும் எப்போது வராது என்று தெரியாது. விடிந்ததும் புறப்பட்டும் உடுப்பிட்டி போய்ச் சேர உச்சியாகிவிட்டது. பரமேசு வெங்காயத் தோட்டத்தில் நின்றாள். தலைமயிரில் நரை தெரிந்தது. வழி காட்டிய பிள்ளை அவளைக் ‘கொடுக்கு மாமி’ என்றுதான் சொன்னது. அந்தச் சொல் அங்கேயும் அவளோடு வாழ்க்கைப்பட்டுப் போயிருக்கிறது. வரம்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கையில் இருந்த மண்ணைத் தட்டினாள்.

“என்னைப் பேர் சொல்லியோ கேட்டவள்?”

“ஓம். பரமேசு எண்டுதான் சொன்னவள்.”

அவ்வளவுதான் அவள் கேட்டது. முகம் கழுவிச் சேலை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். பஸ்சில் எனக்குப் பக்கத்தில் இருந்தாள், ஒரு வார்த்தை கதைக்கவில்லை. பட்டினத்தில் அடுத்த பஸ்சுக்கு நின்றபோது மட்டும், அவளுக்கு இன்னும் மாங்காய் என்றால் விருப்பமோ என்று கேட்டாள். ஓம் என்றேன். ஒரு மாங்காய் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். காய்ச்சல்காரிக்கு மாங்காய் ஆகாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் சந்தியில் இறங்கியபோது வெயில் சாய்ந்துவிட்டது. கடை வாசலில் இரண்டு பேர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், செத்தவீடு சொல்லித் திரிகிறவர்கள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கடைக்காரரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. “எங்கடை இரவல் போயிட்டுது. காலமை பத்து மணிக்காம்.”

நான் வீதிக்கரையில் நின்றுவிட்டேன். பரமேசு நிற்கவில்லை. நேரே அந்த மனிதர் முன்னால் போனாள். உன் பெயரை, உன் ஐயாவின் பெயரோடு சேர்த்து, முழுதாகச் சொன்னாள்.

“அதுதான் அவளின்ரை பேர். போற போற வீட்டிலை அப்பிடிச் சொல்லுங்கோ. விளங்காட்டி நிண்டு விளங்கப்படுத்துங்கோ.”

அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு ஓம் என்றார்கள். பத்து வயதில் உன்னால் கொடுக்கு ஆனவள், நீ அவளைப் பற்றிச் சொல்லவிருந்ததைக் கேட்கக் கிடைக்காதவள், உன் பெயரை உனக்கு வாங்கித் தந்துவிட்டு வீதியில் நடந்தாள். நான் பின்னால் போனேன். உன் வீட்டு முற்றத்தில் அவள் அழுத அழுகையைக் கேட்டு, இது யார், எந்த ஊர்ச் சொந்தம் என்று பெண்டுகள் தங்களுக்குள் கேட்டார்கள். மாங்காயை உன் தலைமாட்டில் வைத்தாள். அவளை ஒருவரும் தடுக்கவில்லை.

அந்தியேட்டிக்கும் வந்தாள். நாங்கள் எல்லாரும் வரிசையாக இலைக்கு முன் இருந்தோம். அவள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு கறி பரிமாறினாள். உன் அண்ணி கொழும்பிலிருந்து வந்த சொந்தக்காரருக்கு என்னைக் காட்டி, “இவதான் அவளின்ரை உயிர்ச் சிநேகிதி. சின்ன வயதிலையிருந்து ஒண்டாய் இருந்ததுகள். காய்ச்சலுக்கும் பயப்பிடாமல் வந்தவ” என்றா. பரமேசுவின் அகப்பை என் இலைக்கு மேலே நின்றது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். இல்லை என்று சொல்ல அவளுக்கு அரை நிமிடம் போதும். ஊர் முழுவதும் அங்கேதான் இருந்தது. அவள் கறியை இலையில் வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.

பரமேசுவை வழியனுப்பப் படலைவரை போனேன். நீயும் எனக்கு ஒரு பேர் வை, ஊரைக் கூட்டிச் சொல்லு, நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். “நான் ஒருதருக்கும் பேர் வைக்கிறேல்லை” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

உன் பெயரை எல்லாரும் இப்போது சரியாகச் சொல்கிறார்கள். செத்தவர்களுக்கு அந்த மரியாதையை நம் ஊர் கொடுத்துவிடும். அவளை உடுப்பிட்டியில் இன்னும் கொடுக்கு என்றுதான் கூப்பிடுகிறார்கள். எடுக்கவேண்டியவள் நீ, உனக்கு நேரம் கிடைக்கவில்லை. இனி அது நான் போய் எடுக்கவேண்டிய பெயர். யார் எழுதியது என்று அங்கே போய்ச் சொன்னால்தான் எடுபடும், அது இங்கேயும் வந்து சேரும். நாளைக்குப் போகலாம், அடுத்த கிழமை போகலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேற்றுக் கோயிலடியில் ஒரு மனுசி என் பின்னால் நின்று, உவதான் அந்தப் பிள்ளையின்ரை உயிர்ச் சிநேகிதி என்று யாருக்கோ காட்டினா. நான் திரும்பிப் பார்த்து, ஓம் என்றேன்.